நெஞ்சுக்குள் பூட்டி வைத்த நன்றி

ஊரறிய நன்றி சொல்லத் தெரிந்த நமக்கு, வீட்டுக்குள் மட்டும் வாய் வராமல் போவது ஏன்? ஒரு வார்த்தை மனசையும் உடம்பையும் உறவையும் என்ன செய்கிறது? எங்கே அது மருந்து, எங்கே அது சாட்டை?

ஜனவரிக் குளிர் இன்னும் விலகவில்லை. தேனி மாவட்டம் பாலார்பட்டியில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானைகளை ஏற்றியிருக்கிறார்கள். பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்து, பக்கத்தில் கரும்பு. பால் நுரைத்து விளிம்பைத் தாண்டும்போது பெண்கள் போடும் குலவைச் சத்தம் தெருக்கோடி வரை கேட்கிறது. பானைகளுக்கு எதிரே மாலை போட்டு வைத்திருப்பது சாமி படம் இல்லை. கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரரின் படம்.

ஜான் பென்னிகுயிக். 1841 ஜனவரி 15ல் புனேயில் பிறந்தவர். மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்ட பொறியாளர். 1887ல் தொடங்கிய அணை வேலை 1895ல் முடிந்தது. அவர் 1911லேயே காலமாகிவிட்டார். இன்று பொங்கல் வைக்கிறவர்களில் அவரை நேரில் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டுச் சுவரிலும் கடைக் கல்லாவுக்கு மேலேயும் அவர் படம் தொங்குகிறது. பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013ல் மணிமண்டபம் எழுந்தது. 2022ல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் தமிழ்நாடு அரசே அவருக்குச் சிலை வைத்தது. அந்தத் தண்ணீரை நம்பித்தான் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் இருக்கிறது. ஏன் இவருக்குப் பொங்கல் என்று கேட்டால், பானைக்குள் வேகிற அரிசியைக் காட்டுவார்கள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

நூற்றாண்டு தாண்டியும் ஒரு உதவியை மறக்காத ஊர் அது. அங்கிருந்து திரும்பும் வழியில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. அந்தப் பானைகளுக்கு முன்னால் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற பெண்களிடம், வருஷம் முழுக்க அவர்கள் ஆக்கிப் போடும் சோற்றுக்காக யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்களா? அவர்களை விடுங்கள். நான் என் வீட்டில் சொல்லியிருக்கிறேனா?

அம்மாவுக்கு ஒரு 'தேங்க்ஸ்'

ஊர் வந்து சேர்ந்த அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "தேங்க்ஸ்மா" என்றேன். அம்மா ஏதோ விபரீதம் நடந்ததுபோல் நிமிர்ந்து பார்த்தார். "என்னடா புதுசா? நான் என்ன அடுத்த வீட்டுக்காரியா, எனக்குப் போய் தேங்க்ஸ் சொல்றே?"

இந்த பதில் உங்களுக்கும் கிடைத்திருக்கும். நம் வீடுகளில் நன்றி என்ற சொல் ஒரு தூரத்தைக் காட்டும் சொல். அந்நியருக்குச் சொல்வோம், மேடையில் சொல்வோம், விழா அழைப்பிதழின் கடைசி வரியில் 'நன்றியுரை' என்று அச்சடிப்போம். அக்காவிடமோ அப்பாவிடமோ சொன்னால் கணக்கைத் தீர்த்துக்கொண்டு கிளம்புவதுபோல் ஆகிவிடும்.

இது நம்முடைய குறை என்று நினைத்துவிட வேண்டாம். உலகத்தில் பெரும்பாலோர் இப்படித்தான் இருக்கிறார்கள். சிமியோன் ஃப்ளாய்டும் சக ஆய்வாளர்களும் ஐந்து கண்டங்களில் எட்டு மொழிகள் பேசும் மக்களின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து 2018ல் வெளியிட்ட ஆய்வில், கேட்ட உதவி கிடைத்ததும் வாயால் நன்றி சொன்னது ஏறக்குறைய இருபதில் ஒரு தடவைதான். ஆங்கிலமும் இத்தாலியமும் பேசுகிறவர்கள்தான் இதில் விதிவிலக்காக அதிகம் சொன்னார்கள். ஈக்வடாரில் பேசப்படும் சாபலா மொழியில் வழக்கமாக நன்றி சொல்வதற்கென்று ஒரு சொல்லே இல்லை. உப்பைக் கொஞ்சம் எடு என்றால் எடுத்துத் தருவார்கள், அது இயல்பு, அதற்கு எதற்கு விழா என்பதுதான் உலக வழக்கம்.

அப்படியானால் அம்மா சொன்னது சரிதானே? பாதி சரி. மறுவாரம் நான் வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன். "இன்னிக்கு வத்தக்குழம்புல சுண்டைக்காய் கருகாம மொறுமொறுன்னு இருந்துச்சும்மா. டப்பாவைத் திறந்ததும் பக்கத்து சீட்டுக்காரர் வாசனை பிடிச்சே கேட்டுட்டார். எப்படி வறுத்தே?" அம்மா அடுப்படியை விட்டு வெளியே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்லெண்ணெய் எவ்வளவு காய வேண்டும், சுண்டைக்காயைத் தனியாக வறுத்து எடுத்து வைத்துவிட்டுக் கடைசியில் ஏன் போட வேண்டும், இதை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கால் மணி நேரம் பேசினார். இத்தனை வருஷம் அவர் கையால் சாப்பிட்ட எனக்கு, சுண்டைக்காய் தனியாக வறுபடுகிற விஷயமே அன்றைக்குத்தான் தெரியும்.

'தேங்க்ஸ்' அந்நியமாகப் பட்ட அதே காதுக்கு, கவனித்துச் சொன்ன ஒரு விவரம் அந்நியமாகப் படவில்லை. நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது இதைத்தான். நெஞ்சில் இருந்தால் போதும் என்று நன்றியை நாம் பூட்டி வைத்திருக்கிறோம். அது போதாது. செய்தவரிடம், செய்த காரியத்தைச் சொல்லி, அவருக்குக் கேட்கும்படி வெளியே வர வேண்டும்.

━━━━━━━━━━
பெட்டிச் செய்தி

நன்றி: ஒரு சொல்லின் பழைய பொருள்

பழந்தமிழில் 'நன்றி' என்றால் நன்மை, நற்செயல். இன்று ஆங்கிலேயர் பாணியில் நாம் சொல்கிற அர்த்தம் பிற்பாடு வந்தது. திருக்குறளின் 11வது அதிகாரத்துக்கு 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர். அதாவது, நமக்குச் செய்யப்பட்ட நன்மையை அறிந்துகொள்வது. வள்ளுவர் 'சொல்' என்று தலைப்பு வைக்கவில்லை, 'அறி' என்று வைத்தார். 101 முதல் 110 வரை பத்துக் குறள்கள்.

அந்த அதிகாரம் இருக்கும் இடமும் கவனிக்கத் தக்கது. அதற்கு முன்னால் 'இனியவை கூறல்', அதற்குப் பின்னால் 'நடுவு நிலைமை'.

புறநானூற்றின் 34வது பாடலில் ஆலத்தூர் கிழார், எந்தப் பாவத்துக்கும் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி மறந்தவருக்கு மட்டும் இல்லை என்று சோழன் கிள்ளிவளவனிடம் பாடுகிறார்.
━━━━━━━━━━

ஆய்வுக்கூடம் என்ன சொல்கிறது?

நன்றியை அளந்து பார்க்கலாம் என்று உளவியலாளர்கள் இறங்கியது ரொம்பப் பழைய கதை இல்லை. 2003ல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் கல்லூரி மாணவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு அந்த வாரம் நன்றி தோன்றிய விஷயங்களை எழுத வேண்டும். இன்னொரு பிரிவு எரிச்சலூட்டியவற்றை எழுத வேண்டும். மூன்றாவது பிரிவு சும்மா நடந்ததை எழுத வேண்டும். பத்து வாரம் கழித்துப் பார்த்தபோது, நன்றியை எழுதியவர்களுக்குத் தங்கள் வாழ்க்கையைப் பற்றிய திருப்தி கூடியிருந்தது. உடம்பு சரியில்லை என்ற புலம்பல் குறைந்திருந்தது. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், நரம்பு-தசை நோயோடு வாழ்கிறவர்கள் 21 நாள் எழுதினார்கள். எழுதாதவர்களைவிட அவர்களுக்குத் தூக்கம் கூடுதலாகக் கிடைத்தது.

2005ல் மார்ட்டின் செலிக்மன் குழு சோதித்த பயிற்சிகளில் இரண்டு நன்றியோடு தொடர்புள்ளவை. ஒன்று, ஒவ்வொரு ராத்திரியும் அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களையும் அவை ஏன் நடந்தன என்பதையும் ஒரு வாரம் எழுதுவது. மற்றொன்று, முறையாக நன்றி சொல்லாமலே விட்டுப்போன ஒருவருக்குக் கடிதம் எழுதி, நேரில் போய்க் கொடுப்பது. நேரில் போனவர்களுக்கு மகிழ்ச்சி ஒரேயடியாக ஏறியது, ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. மூன்று விஷயம் எழுதியவர்களுக்கு மெதுவாக ஏறி, ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது.

2024ல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 49,275 வயதான அமெரிக்கச் செவிலியர்களின் விவரங்களை அலசினார்கள். நன்றியுணர்வு அதிகம் இருந்த மூன்றில் ஒரு பங்கினருக்கு, அடுத்த சில ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு 9 சதவிகிதம் குறைவாக இருந்தது. இது ஒரு தொடர்பு மட்டுமே. நன்றி சொன்னதால்தான் ஆயுள் நீண்டது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

சந்தையில் விற்கிற 'நன்றி டைரி' விளம்பரங்கள் சொல்லாத பக்கமும் உண்டு. சோன்யா லியூபோமிர்ஸ்கியின் ஆய்வில் வாரத்துக்கு ஒரு தடவை எழுதியவர்களுக்குப் பலன் கிடைத்தது. மூன்று தடவை எழுதியவர்களுக்குக் கிடைக்கவில்லை. கடமைக்கு எழுதினால் அது ஹோம்வொர்க் ஆகிவிடுகிறது. அமெரிக்கரையும் தென்கொரியரையும் ஒப்பிட்டபோது கொரியர்களுக்கு நன்றிக் கடிதத்தால் கிடைத்த பலன் குறைவு. உதவியைக் கடனாகப் பார்க்கிற சமூகங்களில் நன்றியை நினைக்கும்போதே 'திருப்பிச் செய்யலையே' என்ற பாரமும் சேர்ந்து வருகிறது. இது நமக்குப் புரியாத விஷயமா என்ன? 'நன்றிக்கடன்' என்று ஒரே சொல்லாகவே சேர்த்து வைத்திருக்கிறோமே.

289 நிமிடம், 88 நிமிடம்

மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒரு உண்மையை எண்ணில் போட்டுக் காட்டியது. சமைப்பது, துலக்குவது, துவைப்பது, பெருக்குவது போன்ற சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதே வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு எங்கே, ஒன்றரை மணி நேரம் எங்கே?

இந்த 289 நிமிடத்தின் குணமே, நன்றாக நடந்தால் கண்ணில் படாது என்பதுதான். குழம்பில் உப்பு சரியாக இருக்கிற 364 நாள் யாரும் வாய் திறப்பதில்லை. கூடிப் போன அந்த ஒரு நாள் வீடே பேசும். காலையில் மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, தண்ணீர் பாட்டில் நிரப்பி, சாக்ஸ் ஜோடி தேடிக் கொடுத்துவிட்டு அந்தப் பெண் ஆறிப்போன காபியைக் குடிக்கும்போது, வீட்டில் அதைப் பார்க்க ஆள் இருக்காது.

பார்க்காமல் விடுவதன் விலை என்ன? ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 468 திருமணமானவர்களிடம் நடத்திய ஆய்வு 2015ல் வெளியானது. பண நெருக்கடி, அதனால் வருகிற சண்டை, ஒருவர் நச்சரிப்பதும் மற்றவர் பேசாமல் ஒதுங்குவதுமான இழுபறி எல்லாம் அந்தக் குடும்பங்களிலும் இருந்தன. அவற்றுக்கு நடுவிலும் மண வாழ்க்கையின் தரத்தை விடாமல் சுட்டிக்காட்டியது ஒன்றுதான். 'என் துணை நான் செய்வதை மதிக்கிறார், அதைச் சொல்கிறார்' என்ற உணர்வு. பணக் கஷ்டத்தை அது தீர்க்கவில்லை. கஷ்டம் உறவைக் கடித்துத் தின்னாமல் காத்தது.

சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஸ்சைல்டு 1989ல் எழுதிய 'தி செகண்ட் ஷிப்ட்' நூலில் இதன் சிக்கலான முடிச்சு ஒன்றைத் தொட்டிருக்கிறார். ஒரே செயல் ஒருவருக்குப் பரிசாகவும் மற்றவருக்குச் சாதாரணமாகவும் தெரியும் என்பதே அது. கணவர் ஒரு நாள் பாத்திரம் துலக்கினால் அவர் மனசில் அது பெரிய உதவி. மனைவிக்கு, அது அவர் பங்கு வேலையில் பத்தில் ஒன்று. "உனக்கு ஹெல்ப் பண்றேன்" என்ற வாக்கியத்திலேயே, அந்த வேலை முழுக்க அவளுடையது என்ற தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. கணவர் நன்றியை எதிர்பார்க்கிறார், மனைவிக்கு நன்றி வரவில்லை, இருவரும் புண்பட்டுப் படுக்கப் போகிறார்கள்.

ஆகவே நன்றி சொன்னால் போதும், வேலையைப் பகிர வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கவனிக்கத் தொடங்கிய கண்ணுக்குத் தன் பங்கு வேலையும் தெரியத் தொடங்கும் என்பதே என் நம்பிக்கை. சுண்டைக்காய் வறுக்கும் கதையைக் கேட்ட பிறகு, அந்த வாணலியைத் துலக்காமல் எழுந்து போக எனக்குக் கால் வரவில்லை.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15ல் தொடங்கிய மாதம் ரூ.1,000 திட்டத்துக்கு 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்கள். தொடங்கும்போதே ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் அதில் சேர்ந்தார்கள். தொகை போதுமா, யாருக்கு விடுபட்டது என்ற விவாதங்கள் இருக்கட்டும். 'உதவி' என்று இல்லாமல் 'உரிமை' என்று சொன்னது, நன்றியைப் பற்றிப் பேசும் இந்த இடத்தில் முக்கியம். கொடுப்பவருக்கு நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் அந்தப் பெண்களை அந்தச் சொல் நிறுத்தவில்லை. அவர்கள் ஏற்கெனவே செய்துவிட்ட வேலைக்குச் சமூகம் பட்டிருக்கும் கடன் என்று சொல்கிறது.

கைதட்டியது ஐந்து நிமிடம்

கொரோனா காலம். 2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, மாலை 5 மணி. நாடு முழுக்க மாடிகளிலும் வாசல்களிலும் நின்று கைதட்டினோம், தட்டு அடித்தோம். மருத்துவர், செவிலியர், தூய்மைப் பணியாளர் எல்லோருக்கும் அந்த நன்றி. பிறகு பல ஊர்களில் குப்பை வண்டியோடு வந்தவர்களுக்கு மாலை போட்டார்கள். கண் கலங்கிய முகங்களை நாம் எல்லோரும் போனில் பார்த்தோம். அந்த நன்றி பொய் இல்லை. அன்றைக்கு அவர்களுக்கு அது தேவைப்பட்டது.

ஐந்து வருஷம் கழித்து, 2025 ஆகஸ்ட்டில், சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். இரண்டு மண்டலங்களின் குப்பை அள்ளும் பணியைத் தனியாருக்கு விடுவதை எதிர்த்தும் பணி நிரந்தரம் கேட்டும் பதிமூன்று நாள் போராட்டம். 13ஆம் தேதி நள்ளிரவில் அவர்கள் அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்டார்கள். அவர்களுக்காகக் கைதட்டிய நகரத்தில், அந்தப் பந்தலைத் தாண்டி எத்தனையோ பேர் தினமும் ஆபீஸ் போனோம்.

நன்றிக்கு வேலையிடத்தில் பலன் உண்டு என்பதில் சந்தேகமில்லை. ஆடம் கிரான்ட், ஃபிரான்செஸ்கா ஜீனோ இருவரும் 2010ல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கேட்டுப் போன் செய்யும் ஊழியர்களில் ஒரு பிரிவினரிடம் அவர்களுடைய மேலதிகாரி நேரில் வந்து நன்றி சொன்னார். அடுத்த வாரம் அந்தப் பிரிவினர் செய்த அழைப்புகள் பாதிக்கு மேல் கூடின. சம்பளம் ஒரு பைசா மாறவில்லை. ஒரு முதலாளி இதைப் படித்ததும் கண் பளிச்சிடும். அங்கேதான் ஆபத்து. சம்பளத்துக்குப் பதில் நன்றி, போனஸுக்குப் பதில் பாராட்டுச் சான்றிதழ், 'நாம எல்லாம் ஒரே ஃபேமிலி' என்ற பேச்சு. கூலியோடு சேர்ந்து வந்தால்தான் அது நன்றி. கூலிக்குப் பதிலாக வந்தால் அதற்கு ஏமாற்று என்று பெயர்.

இதைவிட மோசமானது, எளியவரிடமிருந்து நன்றியைக் கறந்து எடுப்பது. தமிழில் 'நன்றி கெட்டவன்' என்பதைவிடக் கூர்மையான வசவு அதிகம் இல்லை. அதனாலேயே அது வலியவர் கையில் சாட்டை. வீட்டு வேலைக்கு வரும் அம்மா சம்பளம் கூட்டிக் கேட்டால், "உன் பொண்ணு காலேஜ் ஃபீசுக்கு நாங்கதானே கொடுத்தோம்?" முன்பணம் வாங்கிய செங்கல் சூளைக் குடும்பம் வேறு வேலைக்குப் போக நினைத்தால், "உப்பைத் தின்னுட்டு இப்படிப் பண்ணலாமா?" கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. சட்டம் கடன் சீட்டைக் கிழிக்கும். நெஞ்சில் எழுதி வைத்த நன்றிக்கடனைக் கிழிக்க அதனால் முடியாது. தேர்தலுக்கு முதல் நாள் ராத்திரி கவர் வாங்கிய கை, மறுநாள் பூத்தில் தடுமாறுவதும் இதனால்தான். வாங்கிவிட்டுப் போடாமல் இருப்பது துரோகம் என்று மனசார நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே யோசித்திருக்கிறார். செய்ந்நன்றி அறிதலுக்குப் பின்னால் நடுவு நிலைமை ஏன் வைக்கப்பட்டது என்பதற்கு அவர் சொல்லும் காரணம் இதுதான்: நமக்கு நன்மை செய்தவரை நினைக்கும்போது நடுநிலை சிதையப் பார்க்கும், அங்கேயும் சிதையக் கூடாது. நன்றி வேண்டும், அதற்காக நியாயத்தை விலை பேசக் கூடாது. இன்றைக்கும் இதைவிடத் தெளிவாக யாரும் கோடு போட்டுக் காட்டிவிட முடியாது.

"உனக்கென்ன குறைச்சல்?"

மனச்சோர்வில் விழுந்த ஒருவர் தயங்கித் தயங்கி வாய் திறக்கும்போது நம் வீடுகளில் முதலில் வருகிற பதில் இது. "நல்ல வேலை, சொந்த வீடு, தங்கமான புருஷன். இல்லாதவங்களை நினைச்சுப் பாரு. கடவுளுக்கு நன்றி சொல்லு." சொல்கிறவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். கேட்கிறவர் மனசில், ஏற்கெனவே இருக்கிற இருட்டோடு குற்றவுணர்ச்சியும் சேர்கிறது. எல்லாம் இருந்தும் சந்தோஷமாக இருக்கத் தெரியாத பாவி நான் என்று சுருண்டுகொள்கிறார்.

தெளிவாகச் சொல்லிவிடலாம். நன்றிப் பயிற்சி மனநோய்க்கு மருந்து இல்லை. 27 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2021ஆம் ஆண்டு அலசல், மனச்சோர்வையும் பதற்றத்தையும் இந்தப் பயிற்சிகள் மிகச் சிறிய அளவே குறைக்கின்றன என்று முடித்தது. மனநல ஆலோசனைக்கு வந்த ஏறக்குறைய 300 பேரிடம் நடத்திய வேறோர் ஆய்வில், ஆலோசனையோடு சேர்த்து நன்றிக் கடிதமும் எழுதியவர்கள் 12 வாரத்துக்குப் பிறகு மற்றவர்களைவிடத் தேறியிருந்தார்கள். இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோர் கடிதத்தை அனுப்பவே இல்லை. சிகிச்சையோடு சேர்ந்தால் துணை, அவ்வளவே. அடிக்கிற கணவனிடமும் நல்லதைத் தேடு என்று ஒரு பெண்ணுக்கு யாராவது அறிவுரை சொன்னால், அந்த அறிவுரை அவரை மேலும் அடி வாங்க வைக்கும்.

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ இருட்டு விலகவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

ஒரு அரசு சொன்ன நன்றி

நன்றியை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறது. உடம்பு இன்னும் சூடாக இருக்கிறது, மார்பு ஏறி இறங்குகிறது. அந்த நேரத்தில் உறுப்புகளைத் தர முடியுமா என்று கேட்கிறார்கள். அழுதுகொண்டே தலையாட்டுகிறார்கள். அதன் பிறகு உடலைக் கட்டி ஊருக்கு எடுத்துப் போனால், முன்பெல்லாம் "அறுத்துக் கொடுத்துட்டாங்களாமே" என்ற முணுமுணுப்பும் காதில் விழும்.

2023 செப்டம்பர் 23ல், உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. கலெக்டரோ ஒரு அதிகாரியோ அந்தத் தெருவுக்கு வருகிறார், மாலை வைக்கிறார், ஊர் பார்க்க வணங்குகிறார். 2023ல் 178 பேரின் குடும்பங்கள் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்திருந்தன. 2024ல் அது 268 ஆனது. ஒரு மாலை மட்டும் இந்த எண்ணை உயர்த்தியது என்று சொல்ல மாட்டேன். மருத்துவமனைகளில் ஒருங்கிணைப்பாளர்களின் உழைப்பும் அதில் இருக்கிறது. ஆனால் முணுமுணுத்த தெருவே கைகூப்பி நின்றது அந்தக் குடும்பத்துக்கு என்ன தந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

━━━━━━━━━━
பெட்டிச் செய்தி

இன்றிரவே தொடங்கலாம்

வாரத்தில் ஒரு நாள் போதும். ஞாயிறு ராத்திரி ஒரு பழைய நோட்டில் இரண்டு மூன்று வரி எழுதுங்கள். 'குடும்பத்துக்கு நன்றி' என்று மொத்தமாக எழுதினால் மனசு அசையாது. 'மழை வரும்னு மாடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்து வைத்த எதிர்வீட்டு அக்கா' என்று எழுதுங்கள்.

எழுதியதில் ஒன்றை அந்த வாரத்துக்குள் உரியவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் என்ன செய்தார், அதற்கு அவர் பட்ட சிரமம் என்ன, அதனால் உங்களுக்கு என்ன ஆனது. இந்த மூன்றும் இருந்தால் 'நன்றி' என்ற சொல்லே தேவையில்லை.

பிள்ளைகளை "தேங்க்ஸ் சொல்லு" என்று எல்லோர் முன்னாலும் அதட்டாதீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது நீங்கள் டிரைவரிடம் சொல்வதை அவர்கள் பார்த்தாலே போதும்.

சொன்ன கையோடு எதையும் கேட்காதீர்கள். நன்றிக்குப் பின்னால் ஒரு வேலை தொங்கினால், அடுத்த முறை உங்கள் நன்றியைக் கண்டாலே பயப்படுவார்கள்.
━━━━━━━━━━

பச்சை பீரோ

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அவர் என்ன நினைப்பாரோ என்று தள்ளிப்போடுவது எல்லோருக்கும் உள்ளதுதான். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2018ல் இதைத்தான் சோதித்தார்கள். நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுகிறவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று அதிகமாகக் கணித்தார்கள். அவர் அடையும் சந்தோஷத்தைக் குறைவாகக் கணித்தார்கள். இரண்டு கணிப்பும் தப்பு.

இதைப் படித்துவிட்டுத்தான் நானும் கிளம்பினேன். ஒன்பதாம் வகுப்பில் எனக்குத் தமிழ் எடுத்த ஐயா ஒருவர், பள்ளியில் இருந்த ஒரே புத்தக பீரோவின் சாவியை மதிய இடைவேளைகளில் என்னிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போவார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். ஐயாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. சாவியும் ஞாபகம் இல்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. இருந்தாலும் எழுதியதைப் படித்தேன். பாதியில் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். "பச்சை பெயின்ட் அடிச்ச பீரோவாப்பா? கீழ்த்தட்டு சாஞ்சிருக்குமே, செங்கல் முட்டுக் கொடுத்து?" அதேதான். எனக்கே மறந்துபோன அந்தச் செங்கல் அவருக்கு ஞாபகம் இருந்தது. பிறகு யார் முகத்தையும் யாரும் பார்க்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

இரண்டு மாதம் கழித்து அவர் மனைவியிடம் போனில் பேசியபோது சொன்னார்: "அந்தப் பேப்பரை பென்ஷன் புத்தகத்துக்குள்ள வச்சிருக்காரு தம்பி. பேங்க்குக்குப் போறப்பல்லாம் கூடவே போகுது."

என் பட்டியலில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். மூத்தவருக்கு 84 வயது. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் நாளில் நான் அவர் ஊருக்கு பஸ் ஏறியிருப்பேன். உங்கள் பட்டியலில் வயதில் மூத்தவர் யாரோ, அவருக்கு இன்றைக்கே ஒரு போன் போடுங்கள்.